வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற மேசைவாள்

ஒரு பலகையை அதன் நீளப்போக்கில், இரு முனைகளுக்கும் இடையே சிறிதும் வேறுபாடின்றி நேராக அரிந்தெடுத்தல், தச்சுவேலையில் மிக எளியதாகத் தோன்றி மிகுந்த உழைப்பை வாங்கும் செயலாகும். சீவுளியும் உளியும் கைவந்த ஒருவர்கூட எட்டடிப் பலகையொன்றைக் கைவாளால் நெடுக்காக அரிந்து முடிக்கும்போது களைத்துப் போவார். வாள் விலகிய இடங்களையெல்லாம் சீவித் திருத்த மேலும் நேரம் வேண்டும். ஓய்வு வேளையிற் புத்தக அலுமாரியோ பிள்ளைகளுக்குப் படிக்கும் மேசையோ செய்து பார்க்க விரும்பும் ஆசிரியரும், எழுதுவினைஞரும், இளைப்பாறிய உத்தியோகத்தரும் விரைவில் ‘மேசைவாள் ஒன்று வாங்கினால் என்ன?’ என்று எண்ணத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

மேசைவாளின் அமைப்பில் மருமம் ஒன்றுமில்லை. தட்டையான ஒரு மேசை. அதன் நடுவே ஒரு பிளவு. அப்பிளவின் வழியே கீழிருந்து எழுந்து சுழலும் வட்டவாள். அதனைச் சுழற்றும் மின்மோட்டர். கைவாளில் மரம் நிற்க வாள் ஓடுகிறது. இங்கோ வாள் நின்ற இடத்திற் சுழல, மரம் நகர்கிறது. வட்டவாள் புதிய பொருளுமன்று. 1777இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரத்துச் சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையிலே அது பேசப்படுகிறது. 1906ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே வில்கெல்ம் அல்ரென்டோர்வ் என்பவர் மரத்தைத் தாங்கிக்கொண்டு வாளருகே வழுக்கிச் செல்லும் மேசையை அமைத்தார். 1939இல் ஐக்கிய அமெரிக்காவின் டெல்ரா நிறுவனம், மேசையைச் சாய்க்காது வாளையே சாய்த்து அரியும் பொறியொன்றை வெளியிட்டது. இன்று வீட்டுப் பட்டறைகளுக்கென விற்கப்படும் மேசைவாள்களிலும் சாய்வது மேசையன்று, வாளே.

இப்பொறியை வாங்கப் போகின்றவர் கடையில் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் இரண்டு. வாள் எத்தனை அங்குலம்? மோட்டர் எத்தனை குதிரைவலு? இவ்விரண்டிற்கும் விடை கிடைத்ததும் விலையைப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். கடைக்காரரும் இவற்றையே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார். ஆனால் மேசைவாளின் தரம் வாளிலும் மோட்டரிலும் தங்கியிருப்பதைவிட, வாளைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. வாளைக் கழற்றி வேறொன்று பூட்டலாம். வலுக் குறைந்த மோட்டராயின் மரத்தை மெதுவாகத் தள்ளலாம். வாளுக்கு அருகிலுள்ள வழிச்சட்டமும் பின்னாலுள்ள பிளவுத்தகடும் பிழையானவையாயின் நல்ல வேலையும் நடவாது. வேலை செய்பவரின் விரல்களுக்கும் உறுதியில்லை. இது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, சுழலும் வாளில் நிகழ்வது யாது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்தல் வேண்டும்.

வட்டவாளின் முன்பக்கம், அஃதாவது வேலை செய்பவர் நிற்கும் பக்கம், மேலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. அங்குள்ள பற்கள் மரத்தை மேசையோடு சேர்த்து அமுக்குகின்றன. அதனாலேயே மரம் அமைதியாகக் கிடந்து அரியப்படுகிறது. பின்பக்கத்துப் பற்களின் போக்கு வேறு. அவை மேசைக்குக் கீழிருந்து மேலெழுந்து, பின் வேலை செய்பவரை நோக்கியே முன்னே பாய்கின்றன. அரியப்பட்ட மரம் இப்பின்பற்களைத் தொடாதவரையில் தீங்கில்லை. தொட்டுவிட்டால், பற்கள் மரத்தைக் கௌவி மேலே தூக்கி, தம் வேகத்தோடு தள்ளுகின்றவரின் வயிற்றையோ மார்பையோ நோக்கி எறிந்துவிடும். துப்பாக்கியின் பின்னுதைப்பைப் போன்றதாகையால் இதனையும் பின்னுதைப்பு என்றே கூறலாம்.

அவ்வேகம் எத்தகையது? 10 அங்குல விட்டமுள்ள வாள் நிமிடத்திற்கு 4,000 முறை சுழல்வதாகக் கொண்டால், அதன் பல்லொன்று மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. இவ்வேகம் முழுவதும் பலகைக்கு வந்துவிடுவதில்லை. எனினும் அதில் ஒரு பகுதி வந்தாலே பலகை எறிபடையாகும். அபாயத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஏறத்தாழ ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரம் வேண்டும். அந்நேரத்திற்குள் வாள் 13 முறை சுழன்றுவிடும். அது 40 பற்களையுடையதாயின் 500க்கு மேற்பட்ட பற்கள் ஓரிடத்தைக் கடந்துவிடும். ஆகவே, ‘கவனமாக இருந்தால் போதும்’ என்னும் அறிவுரை இப்பொறியின் முன் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. வேறொரு தீமையும் இதிலுண்டு. பலகை திடீரெனப் பறந்துபோக, அதனைத் தள்ளிக்கொண்டிருந்த கை எதிர்ப்பில்லாமல் முன்னே சரிந்து வாளின்மேல் விழலாம். மேசைவாளில் விரலிழந்தவர்களுட் பலர் வாளை மறந்து கையை நீட்டியவரல்லர். மரம் கையைவிட்டுப் போனதால் அவ்வாறாயினர்.

மரம் பின்பற்களைத் தொடுவதற்குக் காரணங்கள் மூன்று. வழிச்சட்டம் வாளுக்கு இணையாக இல்லாமல் பின்புறத்திற் சற்று நெருங்கியிருந்தால், முன்னே செல்லும் பலகை வாளோடு சேர்த்து இறுக்கப்படும். இரண்டாவது, மரத்தின் இயல்பு. வளர்ந்த காலத்து இழுவிசை உள்ளே தங்கியிருக்கும் மரம், அரிய அரியத் தன் வெட்டுவாயைத் தானே மூடிக்கொண்டு வாளைப் பிடிக்கும். முற்றாக உலராத பலகையிலும், கிளைப்பகுதியிலிருந்து எடுத்த பலகையிலும் இதைக் காணலாம். மூன்றாவது, வேலை செய்பவரின் பழக்கம். பலகையை இடையில் திருப்புதல், வழிச்சட்டம் இன்றிக் கைப்பிடியாக அரிதல், குறுக்காக வெட்டும்போது துண்டின் முனையை வழிச்சட்டத்தோடும் முட்டவைத்தல் ஆகியன இவ்வகையின. இறுதியிற் கூறியது பார்ப்பதற்கு மிகப் பாதுகாப்பானதுபோலத் தோன்றுவதால் பலர் அதைச் செய்கின்றனர். வெட்டி முடிந்த துண்டு வாளுக்கும் சட்டத்துக்கும் இடையே செல்ல வழியின்றி அகப்பட்டுத் தெறிப்பதைக் கண்டபின்னரே அதைக் கைவிடுகின்றனர்.

முதலாவது காரணத்தை நீக்குவது நல்ல வழிச்சட்டம். இது மேசையின்மேல் வலமும் இடமும் நகர்த்தி, வேண்டிய அளவில் பூட்டப்படும் நீண்ட சட்டமாகும். பலகையின் ஓரம் இதனோடு உராய்ந்தே செல்லும். இச்சட்டம் தளர்ந்ததாயின் எவ்வளவு சிறந்த மோட்டரும் நேரான பலகையைத் தராது. 1970களிலே ஐக்கிய அமெரிக்காவில் பீஸ்மேயர் என்பவர் வரைகலைஞரின் ‘டீ’ வடிவ அளவுகோலைப் பின்பற்றி ஒரு வழிச்சட்டத்தை அமைத்தார். முன்புறத்து இரும்புக் குழாயில் அகன்ற தலையோடு இறுகப் பற்றிக்கொள்வதால் அது ஒவ்வொரு முறையும் தானாகவே நேராக நின்றது. அதன்பின் வந்த சிறந்த வழிச்சட்டங்கள் பல அவ்வழியையே பின்பற்றின. தூக்கிச் செல்லக்கூடிய சிறு பொறிகளிலோ முன்னும் பின்னும் பற்சட்டமும் பற்சில்லும் வைத்து, ஒரு குமிழைத் திருகச் சட்டத்தின் இரு முனைகளும் ஒருங்கே நகரும்படி செய்திருப்பர். இதுவும் நன்றே. முன்முனையிற் பிடித்து, பின்முனையை வெறுந்தகட்டுக் கொக்கியால் மாட்டிவிடும் மலிவான அமைப்பே தொல்லை தருவது.

கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். மின்செருகி கழற்றப்பட்டுள்ளதென்பதை உறுதிசெய்தபின், வழிச்சட்டத்தை வாளிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்திற் பூட்டி, வாளின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நேரே அளந்து பார்க்க வேண்டும். பின்பு கழற்றி நகர்த்தி மீண்டும் அதே இடத்திற் பூட்டி அளக்க வேண்டும். இவ்வாறு நாலைந்து முறை செய்தும் அளவு மாறாதிருப்பின் அது நம்பத்தக்கது. பூட்டிய சட்டத்தின் பின்முனையை ஒரு விரலாற் பக்கவாட்டில் அழுத்தும்போது அது அசைந்து, விரலை எடுத்ததும் வேறிடத்தில் நிற்குமாயின் அப்பொறியை அங்கேயே விட்டுவிடலாம். வேறொரு சோதனையும் உண்டு. மேசையில் வாளுக்கு இணையாக வெட்டப்பட்ட தவாளிப்பு ஒன்றிருக்கும். வாளின் ஒரு பல்லிற் சுண்ணக்கட்டியாற் குறியிட்டு, அப்பல் முன்னே நிற்கையில் தவாளிப்பிலிருந்து அதன் தூரத்தை அளந்து, கையால் வாளைத் திருப்பி அதே பல்லைப் பின்னே கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாதல் வேண்டும். வேறுபடுமாயின் அதனைத் திருத்தும் திருகாணிகள் எங்கேயுள்ளன என்று கேட்டறிய வேண்டும். கடைக்காரர் பொறுமையிழக்கக்கூடும். பல்லாயிரம் ரூபாவைக் கொடுப்பவருக்குக் கால் மணிநேரம் கேட்கும் உரிமையுண்டு.

இரண்டாவது காரணத்துக்கு மாற்று பிளவுத்தகடு. வாளுக்குப் பின்னால், அதன் வளைவை ஒட்டிச் சில மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் இவ்வுருக்குத் தகடு, பார்வைக்கு அற்பமானது. வெட்டுவாய் மூடிக்கொள்ள முயலும்போது அதற்குள் ஆப்புப்போல் நின்று தடுப்பதும், பலகை பின்பற்களின்மேல் சாயாமற் காப்பதும் இதன் பணிகள். முற்காலத்துப் பொறிகளில் இதற்குப் பதிலாக மேசையின் பின்புறத்தில் நிலையாகப் பொருத்திய உயரமான தகடொன்று இருந்தது. தவாளிப்பு வெட்டுவதற்கு அதனைக் கழற்ற வேண்டும். கழற்றியதைத் திரும்பப் பூட்டுவார் அரியர். அது பட்டறையின் மூலையிற் கிடக்கும். இன்றைய பிளவுத்தகடோ வாளோடு கூடவே ஏறி இறங்கிச் சாய்கிறது. வாளின் உச்சிக்குச் சற்றுத் தாழ்ந்தே நிற்பதால் தவாளிப்பு வெட்டும்போதும் கழற்ற வேண்டியதில்லை. ஐரோப்பிய நாடுகள் நெடுங்காலமாகவே பிளவுத்தகட்டை வற்புறுத்தி வந்தன. ஐக்கிய அமெரிக்காவிலோ 2008ஆம் ஆண்டை ஒட்டியே புதிய பொறிகளுக்கு அது வேண்டுமென்னும் நியமம் நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று. அதற்கு முந்திய அமெரிக்கப் பொறிகள் எவ்வளவு உறுதியானவையாயினும் இக்குறையோடு இருப்பதுண்டு.

பிளவுத்தகட்டைப் பற்றிக் கூறுகையில் அதன் தடிப்பையும் கூறுதல் வேண்டும். அது வெட்டுவாயின் அகலத்திலும் மெல்லியதாகவும், வாளினது உடலின் தடிப்பிலும் பருத்ததாகவும் இருத்தல் வேண்டும். உடல் 1.8 மில்லிமீற்றரும் பல்லின் அகலம் 2.6 மில்லிமீற்றருமான வாளுக்கு 2.2 மில்லிமீற்றர்த் தகடு பொருந்தும். இவ்வளவுகள் பெரும்பாலும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய வாள் மழுங்கியபின் மலிவாகக் கிடைத்ததென்று மிக மெல்லிய வாளை வாங்கிப் பூட்டுவோர், பலகை தகட்டில் முட்டி நிற்பதைக் கண்டு, ‘இத்தகடு வேலைக்கு இடைஞ்சல்’ என்று அதைக் கழற்றி எறிகின்றனர். குற்றம் தகட்டினுடையதன்று.

ஊர்ப்பட்டறைகள் சிலவற்றிலே மரமேசையொன்றின் அடியில் ஒரு மோட்டரைக் கட்டி, மேலே வாளை நிறுத்தி, வழிச்சட்டமாக ஒரு பலகைத் துண்டை ஆணியடித்து வைத்திருப்பதைக் காணலாம். பிளவுத்தகடு இல்லை; மூடி இல்லை; உடனே நிறுத்தும் ஆளியும் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. அனுபவம் மிக்க தச்சர்கள் அதில் ஆண்டுக்கணக்காக வேலை செய்வது உண்மையே. ஆனால் நாள்தோறும் அரிபவரின் கைப்பழக்கம் கிழமைக்கொருமுறை அரிபவருக்கு வராது. அத்தகைய மேசையைப் பார்த்து வீட்டில் ஒன்று செய்துகொள்ள முயல்வது பணத்தை மீதப்படுத்தும் வழியன்று. இரும்பு அராவும் கைப்பொறியில் மரமரியும் பல்வாளைப் பூட்டுவது அதனினும் கொடியது.

ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30,000 பேர் மேசைவாளாற் காயமுற்று வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடுவதாக அந்நாட்டு நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு மதிப்பிட்டுள்ளது. அவர்களுட் சில ஆயிரவர் விரலையோ அதன் பகுதியையோ இழந்தவர்கள். இந்நிலையை மாற்றக் கருதியவர்களுள் ஒருவர் ஸ்ரீபன் காஸ். பௌதிகம் கற்றுக் காப்புரிமைச் சட்டத்தரணியாக விளங்கிய இவர் 1999இல் ஒரு வழியைச் சிந்தித்தார். வாளில் மெல்லிய மின்சைகை ஒன்றை ஓடவிடுதல். மின்னைக் கடத்தும் மனித உடல் வாளைத் தொட்டதும் அச்சைகை மாறுதல். மாறியவுடன் ஒரு சுருள்வில் அலுமினியக் கட்டையொன்றை வாளின் பற்களுக்குள் பாய்ச்சுதல். சோஸ்ரொப் என்னும் பெயரில் 2004ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த அப்பொறியில், ஒரு செக்கனை 200 கூறிட்டதில் ஒரு கூறு நேரத்துள் வாள் நின்றுவிடுகிறது. முன்னே கூறிய வாளாயின் அந்நேரத்தில் மூன்றிலொரு சுற்றே சுழன்றிருக்கும். விரலிலே ஒரு சிறு கீறல், அவ்வளவே. வாளும் கட்டையும் பாழாகிவிடும். அவற்றைப் புதிதாக வாங்க வேண்டும். நன்கு நனைந்த மரமும் மின்னைக் கடத்துவதால் அதனை விரலென்று கருதி வாள் நிற்பதுண்டு. பொறியின் விலையும் ஏனையவற்றிலும் கூடியது. வசதியுள்ளவர் இதனை வாங்குவது நன்றே. எனினும் இது பின்னுதைப்பைத் தடுக்கும் கருவியன்று. பறந்துவரும் பலகையை இது நிறுத்தாது. வழிச்சட்டமும் பிளவுத்தகடும் இங்கும் வேண்டியனவே.

இனிப் பொறியின் வகையை நோக்கலாம். தூக்கிச் செல்லக்கூடிய சிறியவை 20 முதல் 30 கிலோகிராம் நிறையுள்ளவை. அலுமினிய மேசையும், மோட்டரோடு நேரே இணைந்த வாளும் உடையவை. வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். மற்றோர் அந்தத்தில், வார்ப்பிரும்பு மேசையும் இரும்புப் பெட்டியுமாய் 200 கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள பெரும் பொறிகள் நிற்கின்றன. அதிர்வின்மையும் நுட்பமும் இவற்றின் சிறப்பு. ஒருமுறை நிறுத்தினால் அசைக்க நால்வர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கால்களின்மேல் நிற்கும் மேசையும் இறப்பர்ப் பட்டியாற் சுழலும் வாளுமுடைய இடைத்தரப் பொறிகள் உள்ளன. நிறை மிக்க பொறி நன்று என்பது பொதுவிதி. ஆயினும் கடலோரத்து ஊர்களில் உப்புக்காற்றுப் படும் வார்ப்பிரும்பு மேசை சில நாட்களிலேயே துருவேறும். மெழுகு தேய்த்து மூடிவைக்கும் பொறுமையில்லாதவருக்கு அலுமினியமே தகும்.

பொறிக்கு வேண்டிய இடம் அதன் மேசையின் அளவன்று. எட்டடிப் பலகையை அரிய வாளுக்கு முன்னே எட்டடியும் பின்னே எட்டடியும் வெற்றிடம் வேண்டும். விறாந்தையின் ஒரு மூலையில் வைத்துவிட்டு, பின்னாற் பலகை சுவரில் முட்டுவதைக் கண்டு வருந்துவோர் உளர். இத்தகைய வீடுகளுக்குச் சில்லுப்பூட்டி முற்றத்துக்கு உருட்டிச் செல்லத்தக்க சிறு பொறியே பொருந்தும். அரிந்து வெளிவரும் பலகையைத் தாங்க, மேசையின் உயரத்துக்கு ஒரு தாங்கி செய்து வைத்துக்கொள்வது அவசியம். தாங்கியில்லாவிடின் பலகையின் முனை சாயும். அதனைப் பிடிக்க வாளின் மேலாகக் கை நீளும்.

வாளின் அளவைப் பொறுத்தவரை 10 அங்குலமே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அது நேராக நிற்கையில் மூன்றங்குலம் அளவும், 45 பாகை சாய்கையில் இரண்டே காலங்குலம் அளவும் தடிப்புள்ள மரத்தை அரியும். எட்டேகால் அங்குல வாளுள்ள பொறியும் இரண்டரை அங்குல அளவுக்கு அரியும். கதவு, அலுமாரி, மேசை ஆகியவற்றின் உறுப்புகளுள் இதற்கு மேற்பட்ட தடிப்புள்ளவை மிகச் சில.

மின்சாரத்தைப் பற்றிய கவனமின்மையால் வீணான பொறிகள் பல. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று; செக்கனுக்கு 50 சுழற்சி. ஜப்பானில் அது 100 வோல்ற்று. ஐக்கிய அமெரிக்காவில் 120 வோல்ற்று, 60 சுழற்சி. அந்நாடுகளிற் பயன்படுத்தப்பட்டு இங்கு வரும் பொறிகளை நேரே இணைத்தால் மோட்டர் எரிந்துபோகும். நிலைமாற்றி கொண்டு இயக்கலாம். ஆனால் வானொலிக்கென விற்கும் சிறிய நிலைமாற்றி 1,500 வாற்று மோட்டரைத் தாங்காது. 60 சுழற்சிக்கென அமைந்த தூண்டல் மோட்டர் நிலைமாற்றி இருந்தாலும் ஆறிலொரு பங்கு வேகத்தை இழந்து கூடுதலாகச் சூடேறும். ஆகவே பொறியின் பெயர்த்தகட்டைப் படிக்காமல் விலை பேசலாகாது. 1,800 வாற்றுப் பொறி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 8 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர்க் குதையில் அதனை இணைப்பது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். புவித்தொடுப்புள்ள பெரிய குதை வேண்டும். நீட்டுவடம் இடவேண்டுமாயின் அது தடித்த செப்புக் கம்பியுடையதாயிருக்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வரும்போது பொறி தானாகவே ஓடத் தொடங்காத வகையிலமைந்த ஆளி உள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும். மின்வெட்டுக்குப் பழகிய நாட்டில் இது சிறு காரியமன்று.

மோட்டரிலும் இருவகையுண்டு. காபன் பிறஸ் தேயும் வகையானது இலேசானது, விரைவானது. அயலவர் முறையிடுமளவுக்கு இரைச்சலிடுவது. தூண்டல் மோட்டர் கனமானது. அமைதியாக ஓடி நெடுங்காலம் உழைப்பது. மாலையில் மட்டும் வேலை செய்பவரும், கைக்குழந்தை உள்ள வீட்டினரும் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வது நன்று. எதுவாயினும் செவிக்குக் காப்பு அணியவேண்டும்.

பொறியோடு வரும் வாள் பெரும்பாலும் நடுத்தரமானது. நெடுக்காக அரிய 24 பற்களுள்ள வாளும், குறுக்கு வெட்டுக்கும் ஒட்டுப்பலகைக்கும் 60 பற்களுள்ள வாளும் ஏற்றவை. ஒன்றே வாங்க இயலுமாயின் 40 பற்களுள்ளது இரண்டையும் ஒருவாறு செய்யும். நம் நாட்டு மரங்களுக்குத் தங்குதன் காபைட்டு முனையுள்ள பற்களே வேண்டும். தேக்கு அரிய மென்மையானதாயினும் அதனுள் அடங்கிய சிலிக்கா கூர்மையை விரைவிற் கெடுத்துவிடும். முற்றிய தென்னை வெறும் உருக்குப் பற்களைச் சில பலகைகளிலேயே மழுங்கச் செய்யும். வைரமேறிய பனையும் எளிதில் வளைந்து கொடுப்பதன்று. முதிரையோ கனத்தது, மெதுவாகத் தள்ளவேண்டும், விரைந்தால் வெட்டுவாய் கருகும். மழுங்கிய வாளைக்கொண்டு அரிபவர் தம்மையறியாமலே கூடுதலான பலத்தோடு தள்ளுவார். அப்பலமே கையை வழுக்கிவிடச் செய்கிறது.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலிற் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். எந்த மரத்தின் தூளும் சுவாசத்துக்கு நல்லதன்று. மரத்தூள் மனிதரிடத்துப் புற்றுநோய் விளைவிப்பது என 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. ஆகவே தூளை இழுக்கும் குழாயைப் பொருத்துவதற்கான வாய் பொறியில் உண்டா என்று பார்ப்பதோடு, மூக்குக் கவசமும் அணிய வேண்டும். உடையைப் பற்றியும் ஒரு சொல். சாரத்தோடும் தோளிற் சால்வையோடும் சுழலும் வாளருகே நிற்றலாகாது. கையுறை பாதுகாப்பென்று எண்ணுவது தவறு. பல் அதன் நூலைக் கௌவினால் கையையும் சேர்த்தே இழுக்கும். வாளுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் கையைக் கொண்டுசெல்லாது, இறுதிப் பகுதியைத் தள்ளுகோலாலே தள்ளவேண்டும். அது பொறியோடு வராவிட்டால் அப்பொறியில் முதன்முதல் அரிந்து செய்யவேண்டிய பொருள் அதுவே.

ஆண்டுக்கு இரண்டு அலுமாரி செய்பவருக்கு மேசைவாள் வேண்டுமா என்னும் வினாவும் நியாயமானதே. பலகைகளின் அளவைக் குறித்துக் கொடுத்தால் மரக்காலையிலேயே அரிந்து தருவார்கள். பெரிய ஒட்டுப்பலகைகளைத் தரையிற் கிடத்தி, நேரான சட்டமொன்றை இறுகப் பிணித்து, கையிற் பிடிக்கும் வட்டவாளால் அரிவது, சிறிய மேசைவாளின்மேல் அவற்றைத் தனியாகத் தூக்கித் தள்ளுவதிலும் பாதுகாப்பானது. தடித்த மரங்களையும் வளைவுகளையும் அரிபவருக்குப் பட்டிவாளே பொருத்தம். அதன் பற்கள் எப்போதும் கீழ்நோக்கியே ஓடுவதால் பலகையை ஆளை நோக்கி எறிவதில்லை. ஒரே அளவிற் பல சட்டங்களை அடிக்கடி அரிபவருக்கே மேசைவாள் தன் விலையைத் திருப்பித் தரும்.

பழைய பொறியை வாங்குவோர் இறுதியாக ஒன்று செய்யவேண்டும். விற்பவரிடம் காப்புமூடியையும் பிளவுத்தகட்டையும் எடுத்துவந்து தம் கண்முன்னே பூட்டிக் காட்டும்படி கேட்கவேண்டும். பலர் அவற்றைத் தேடி எடுக்க மாட்டார்கள். ‘அவை இல்லாமலே நன்றாக ஓடும்’ என்பார்கள். அதே வகைக்குரிய தகடு தனியாகக் கிடைக்குமா, கிடைப்பின் விலை யாது என்று முதலில் விசாரித்தறிந்து, அத்தொகையைக் கழித்து விலை பேசலாம். கிடைக்காதெனின், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அப்பொறியை வாங்காமல் திரும்புவதே முறை.